கழுவிய குழாய்

இரண்டு மில்லி ரத்தம், ஒரு கண்ணாடிக் குழாய்.
இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது.
பிறகு ஒரேயொரு தரம் சரித்துப் பார்க்க வேண்டும்.
உறைந்தது அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.
ஓடினால்
புடையனின் நஞ்சு இன்னும் வேலை செய்கிறது.

நான் மயக்க மருந்துக்காரி.
உறங்க வைத்தவர்களின் கணக்கு
தியேட்டர்க் கொப்பியில் இருக்கிறது.
இந்த இருபது நிமிடங்களின் கணக்கை
யாரும் எழுதி வைக்கவில்லை.

கல்முனையில் முதல் நியமனம்.
பெரும்போகம் வெட்டுகிற மாசி.
சம்மாந்துறை வட்டையிலிருந்து
லேண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் கிடத்திக்
கொண்டுவந்தார்கள் ஆதம்பாவாவை.
கணுக்காலில் இரண்டு புள்ளி. வீக்கமில்லை.
பாம்பைக் கண்டீர்களா என்றேன்.
"இருட்டுக்குள்ள என்னத்தக் காணுற.
சுருக்கெண்டிச்சி. மறுகா இஞ்ச வந்திட்டன்."

குழாயைச் சரித்தேன்.
தண்ணீர்போல ஓடியது.

விஷமுறி மருந்து இருபது குப்பி.
பத்தாம் நிமிடம் மேலெல்லாம் தடிப்பு,
தொண்டை இறுக்கம்,
நாடி கைக்கு அகப்படவில்லை.
அட்ரினலின். மீண்டும் அட்ரினலின்.
வென்டிலேட்டர் மட்டக்களப்பில் இருந்தது,
பாதை பூட்டியிருந்தது.
சுபஹு பாங்கு சொல்லும்வரை
கையால் பையை அமுக்கிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் அவர் மீன்குழம்பு கேட்டார்.

குழாய் கழுவுகிறவர் பூபாலப்பிள்ளை.
சும்மாதான் கேட்டேன், எப்படிக் கழுவுவீர்கள் என்று.
"மத்தவனுகள் பச்சத் தண்ணியில அலசுவானுகள்.
நான் சவுக்காரம் போட்டு,
சுடுதண்ணி ஊத்தி, மூணு தரம்."
சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம்.

அன்றிரவு கதவைச் சாத்திவிட்டு
அவர் கழுவிய குழாயொன்றில்
என் ரத்தத்தை எடுத்தேன்.
இருபது நிமிடம். சரித்தேன்.
ஓடியது.
என்னை எந்தப் பாம்பும் கடித்திருக்கவில்லை.

அதன்பின் பதினொரு வருடம்.
சவர்க்காரம் பட்ட குழாய், படாத குழாய்,
பிளாஸ்டிக், ஜாம் போத்தல்கூட.
கல்லடி மீன்வாடியில் வாங்கிய ஐஸில்
ரத்தம் பயணம் போனது.
சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய்
எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடினான்.
கொழும்பில் நிதிக்குழு கேட்டது:
குழாய் கழுவுவதும் ஓர் ஆராய்ச்சியா?
பெண்டாட்டிமார் பார்க்கிற வேலையல்லவா என்று
ஒருவர் சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டு வந்தேன்;
அதுதான் இன்னும் கசக்கிறது.

ரத்தம் உறைவதற்கு என் மாணவர்கள்
வாவியில் வீசும் வலையை உவமை சொல்கிறார்கள்.
வலை முன்னமே பின்னிக் கிடப்பது.
இது காயத்தைக் கண்டபிறகுதான்
பின்னத் தொடங்குகிறது,
பின்னுகிறபோதே பிடித்துக்கொண்டு.
அப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லுமிடத்தில்
பூபாலப்பிள்ளையின் பெயரைப் போட்டேன்.
அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு
வீட்டில் மாட்டியிருந்தார்.
எதற்கு நன்றி என்று அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை, அவருடைய மையத்தன்றுகூட.

ஆதம்பாவாவிடம் சொன்னேன்.
ஒவ்வொரு மாசியிலும்
உயிரைத் தந்தவள் என்று
புது அரிசி ஒரு மூட்டை கொண்டுவருவார்.
எட்டாவது மூட்டையோடு உட்கார வைத்துச் சொன்னேன்:
உங்களில் நஞ்சே ஏறவில்லை,
நான்தான் உங்களைக் கொல்லப் பார்த்தேன்.
நெடுநேரம் அரிசியைக் கையால் அளைந்தார்.
"போய் வந்த உசிரு என்ட உசிருதானே டொக்டர்"
என்றார்.
அடுத்த வருடமும் மூட்டை வந்தது,
மகன் கையில்.

இப்போது வெட்டுவது மெஷின்.
கடிபட்டு வருகிறவர்கள் குறைவு.
பேராசிரியர் என்று கதவில் பலகை.
குழாய்கள் முத்திரையோடு வருகின்றன,
கழுவ ஒன்றுமில்லை.

ஆனாலும் உறையைக் கிழித்ததும்
மாணவர்கள் பார்க்காதபோது
ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்து
மணந்து பார்க்கிறேன்.